டல்லாஸ் ஓடு தண்டையார்பேட்டை மாடிக்கு ஆகுமா?

கேள்வி கேட்டவர் தண்டையார்பேட்டையில் இருக்கும் ஒரு அக்கா. கீழ்வீடு கான்கிரீட். மொட்டை மாடியில் 10க்கு 20 அடியில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட ஒரு அறை. போன மழைக்காலத்தில் பக்கத்து வீட்டுத் தென்னையிலிருந்து ஒரு காய் விழுந்து ஷீட்டைப் பிளந்துகொண்டு கட்டில் மேலேயே வந்து விழுந்திருக்கிறது. வழக்கமாக அந்த நேரத்தில் அங்கே படுத்திருக்கும் மாமியார் அன்று கோயிலுக்குப் போயிருந்ததால் தப்பினார். டெக்சாஸில், டல்லாஸ் பக்கம் இருக்கும் தம்பி வீட்டுக் கூரையை ஆலங்கட்டி மழை நாசமாக்கி, அவர் இப்போது 'நான்காம் வகுப்பு' ஷிங்கிள்ஸ் போட்டிருக்கிறாராம். "இரும்புக் குண்டு போட்டாலும் உடையாது, அதையே அங்கேயும் போடுங்க" என்கிறாராம். அதை இங்கே போடலாமா, போட்டால் தாங்குமா என்று அக்கா கேட்கிறார்.

நான் இருபத்தைந்து வருடமாகத் திருவொற்றியூரை வைத்துக்கொண்டு வடசென்னை முழுக்க ஷெட், கூரை வேலை செய்கிறவன். நேராகச் சொல்லிவிடுகிறேன். தம்பி அவர் ஊருக்குச் சரியானதைத்தான் போட்டிருக்கிறார். உங்கள் மாடிக்கு அது வேண்டாம். ஆனால் "எவ்வளவு அடி தாங்கும் என்று பார்த்து வாங்கு" என்று அவர் சொல்வது சரியான யோசனை. அங்கே அடிப்பது ஒன்று, இங்கே அடிப்பது வேறு. அதைப் பிரித்துப் பார்த்தால் எந்த ஷீட் வாங்குவது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

முதலில் தம்பி சொல்லும் அந்த வகுப்பு என்ன என்று பார்ப்போம். அமெரிக்க வீடுகளில் போடும் ஷிங்கிள் என்பது கண்ணாடி நார்ப் பாயில் தாரைத் தோய்த்து, மேலே சிறு கல்துகள்களை ஒட்டிய ஒரு தகடு. மீன் செதில் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஆணி அடிப்பார்கள். யு.எல். 2218 என்ற சோதனையில் அதன்மேல் இரும்புக் குண்டைப் போட்டுப் பார்ப்பார்கள். முதல் வகுப்புக்கு ஒன்றேகால் அங்குலக் குண்டு, 12 அடி உயரத்திலிருந்து. நான்காம் வகுப்புக்கு இரண்டு அங்குலக் குண்டு, 20 அடி உயரத்திலிருந்து, அதுவும் ஒரே இடத்தில் இரண்டு முறை. பிறகு தகட்டைத் திருப்பிப் பின்பக்கம் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். விரிசல் இல்லையென்றால் தேறியது.

ஆலங்கட்டி ஷிங்கிளை உடனே ஓட்டை போடுவது குறைவு. கல்துகள் உதிரும், உள்ளே கண்ணாடி நார் நொறுங்கும். கீழே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. மேலே ஏறி அந்த இடத்தை விரலால் அழுத்தினால் அடிபட்ட மாம்பழம் மாதிரி மெத்தென்று இருக்கும். துகள் போன இடத்தில் வெயில் தாரைத் தின்னும், இரண்டு மூன்று வருடம் கழித்துக் கூடத்தில் ஒழுகும். இதற்காகத்தான் தாரில் எஸ்.பி.எஸ். என்ற ரப்பர் வகைப் பொருளைக் கலக்கிறார்கள். அடி விழும்போது நொறுங்காமல் வளைந்து கொடுக்கும். தம்பி வாங்கியது பெரும்பாலும் அந்த வகையாக இருக்கும்.

தம்பிக்கு இரண்டு விஷயம் சொல்லுங்கள். ஒன்று, இரும்புக் குண்டு சோதனை புதுத் தகட்டில், விரிசலை மட்டும் பார்ப்பது. தென் கரோலினாவில் காப்பீட்டு நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் ஐ.பி.எச்.எஸ். என்ற ஆய்வு நிலையம், ஆலங்கட்டி போலவே பனிக்கட்டி உருண்டை செய்து சுட்டுப் பார்த்து, துகள் எவ்வளவு உதிர்கிறது, எவ்வளவு பள்ளம் விழுகிறது என்பதையும் சேர்த்து 2019 முதல் மதிப்பெண் போடுகிறது. நான்காம் வகுப்பு என்று விற்கும் எல்லாமே அதில் ஒரே மதிப்பெண் வாங்கவில்லை. தான் போட்ட மாடலை அவர் அங்கே தேடிப் பார்க்கட்டும். இரண்டு, டெக்சாஸில் இந்த வகை ஓடு போட்டால் பல காப்பீட்டு நிறுவனங்கள் பிரீமியத்தில் தள்ளுபடி தருகின்றன. அதற்கு ஓடு போட்டவர் கையெழுத்திட்ட படிவம் வேண்டும். தள்ளுபடி வாங்கும்போதே, 'ஒழுகாதவரை வெறும் பள்ளத்துக்குப் பணம் கிடையாது' என்ற வரி பாலிசியில் நுழைந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். உலோகக் கூரை போட்டவர்கள் அதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

சரி, நம் ஊருக்கு வருவோம்.

சென்னையில் ஆலங்கட்டி அபூர்வம். மேகத்துக்குள் கட்டி உருவாகாமல் இல்லை. நம் தலைக்கு மேல் ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் உயரத்தில்தான் உறைநிலை தொடங்குகிறது. அங்கிருந்து சூடான காற்றில் கீழே வருவதற்குள் சின்னக் கட்டியெல்லாம் கரைந்து பெருந்துளியாகிவிடும். ஓசூர், கிருஷ்ணகிரி, நீலகிரி மாதிரி மேட்டு நிலங்களில் கோடை இடிமழையில் விழுகிறது. வடக்கே போனால் அது விளையாட்டில்லை. 1888 ஏப்ரல் 30 அன்று உத்தரப் பிரதேசத்து மொராதாபாத் பக்கம் விழுந்த ஆலங்கட்டியில் 246 பேர் இறந்தார்கள். உலக வானிலை அமைப்பின் பதிவில் இன்றுவரை அதுதான் உயிர்ப்பலி அதிகமான ஆலங்கட்டி மழை. ஆகவே ஓசூரில் உங்களுக்குச் சொந்தக்காரர் வீடு கட்டினால் தம்பியின் யோசனையை அவரிடம் தாராளமாகச் சொல்லலாம். தண்டையார்பேட்டையில் விழுவது ஆலங்கட்டி அல்ல, தேங்காய்.

இதில் ஒரு கணக்கு பாருங்கள். நான்காம் வகுப்புச் சோதனையில் போடும் இரண்டு அங்குல இரும்புக் குண்டு அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். உங்கள் தென்னை 40 அடி, அறைக் கூரை தரையிலிருந்து 20 அடி என்று வைத்துக்கொள்வோம். காய் விழும் உயரமும் அதே 20 அடிதான். மட்டையோடு முற்றின காய் ஒன்றரைக் கிலோ வரை இருக்கும். அதாவது அமெரிக்காவின் உச்ச வகுப்புச் சோதனையைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு அடி. அந்தச் சோதனையில் தேறிய ஷிங்கிளை வாங்கிப் போட்டாலும் காய் விஷயத்தில் அது எதற்கும் உத்தரவாதம் இல்லை.

அதோடு ஷிங்கிள் என்பது வெறும் தோல். கீழே பிளைவுட் தளமோ கான்கிரீட் சரிவோ முழுசாக இருந்தால்தான் அதை ஆணியடிக்க முடியும். அடியைத் தாங்குவதில் பாதி வேலை அந்தப் பலகையுடையது. நம் ஊர் ஈரக்காற்றில், கரையான் புகுந்த வீட்டில், மாடி அறைக்குப் பிளைவுட் தளம் அடித்து அதன்மேல் கறுப்புத் தார் ஓடு ஒட்டினால் மே மாதத்தில் உள்ளே மனுஷன் படுக்க முடியாது. இந்தியாவில் ஷிங்கிள்ஸ் கிடைக்கிறது, மலை ஊர் விடுதிகளுக்கும் பெரிய பங்களாக்களின் கான்கிரீட் சரிவுக்கும் போடுகிறார்கள். அழகாகவும் இருக்கும். குழாய்ச் சட்டம் மேல் நிற்கும் மாடி அறைக்கு அது பொருந்தாது.

ஆஸ்பெஸ்டாஸை என்ன செய்வது? எடுத்துவிடுங்கள். உடைந்த ஒரு ஷீட்டை மட்டும் மாற்றி ஒப்பேற்றாதீர்கள். ஆறு மில்லிமீட்டர் தடிமன் என்றாலும் அது சிமெண்ட், வளையத் தெரியாது, உடையத்தான் தெரியும். பத்துப் பதினைந்து வருடம் மழையில் நனைந்த ஷீட் இன்னும் மோசம். கூரை ஒழுகலைப் பார்க்க ஏறி, ஷீட் உடைந்து கீழே விழுந்து இடுப்பு முறிந்தவர்களை என் வேலையில் நேரிலேயே பார்த்திருக்கிறேன். ஏறவே வேண்டியிருந்தால் குறுக்கே பலகை போட்டு, கீழே பர்லின், அதாவது ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம், ஓடும் ஆணி வரிசை மேல்தான் கால் வைக்க வேண்டும்.

கழற்றும்போது கவனம். ஷீட்டில் சிமெண்டோடு கலந்திருக்கும் ஆஸ்பெஸ்டாஸ் நார் மூச்சில் போனால் நுரையீரல் புற்றுநோய் வரை கொண்டுபோகும். உலக சுகாதார நிறுவனம் எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸையும் புற்றுநோய் உண்டாக்குவது என்றே சொல்கிறது. ஷீட்டை முதலில் தண்ணீர் தெளித்து நனையுங்கள். ஷீட்டைப் பர்லினோடு பிடித்திருக்கும் கொக்கி மாதிரியான ஜே போல்ட்டின் நட்டை வெட்டி, ஷீட்டை முழுசாக இறக்குங்கள். சுத்தியலால் தட்டி நொறுக்கக் கூடாது, கட்டிங் வீல் வைக்கவே கூடாது. வேலை செய்பவர் நல்ல முகக்கவசம் போடட்டும், குழந்தைகள் அந்தப் பக்கம் வேண்டாம். விழுந்த துண்டுகளைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத் துணியால் எடுத்து பாலிதீனில் கட்டுங்கள். பழைய ஷீட்டைக் கோழிக்கூண்டுக்கு, கழிவறைத் தடுப்புக்கு என்று யாராவது கேட்பார்கள். கொடுக்காதீர்கள். பாசி பிடித்திருக்கிறதே என்று கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்கிறவர்களும் இருக்கிறார்கள், அதுவும் அதே நாரைத்தான் கிளப்பும்.

மாற்றப் பணம் சேர இரண்டு மாதம் ஆகும் என்றால், அதுவரை ஒரு வேலை செய்யுங்கள். ஷீட்டுக்கு அடியில், பர்லினிலிருந்து பர்லினுக்கு வெல்டு மெஷ் கம்பி வலையை இழுத்துக் கட்டுங்கள். ஷீட்டைத் துளைக்காமல். காய் உடைத்துக்கொண்டு வந்தாலும் வலையில் நிற்கும். மாமியாரின் கட்டிலை இன்றைக்கே கீழே இறக்கிவிடுங்கள்.

அப்புறம் எது போடுவது? என் கைக்கு வந்தவற்றில் இப்படித்தான் நினைக்கிறேன். தண்டையார்பேட்டை உள்பக்கம், கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் என்றால், அலுமினியம்-துத்தநாகக் கலவைப் பூச்சு உள்ள இரும்புக் கலர் ஷீட், அதாவது கால்வல்யூம் மேல் பெயின்ட் அடித்தது. காசிமேடு, திருவொற்றியூர்க் குப்பங்கள், எண்ணூர் மாதிரி அலைச்சாரல் படும் தூரம் என்றால் அலுமினிய ஷீட்டோ நல்ல யு.பி.வி.சி. என்ற கெட்டி பிளாஸ்டிக் ஷீட்டோ. கலர் ஷீட்டின் உத்தரவாதத் தாளைப் பொடி எழுத்துவரை படித்தால், கடற்கரைக்கு அருகே உத்தரவாதம் சுருங்குவதும் இல்லாமலே போவதும் தெரியும்.

காய் விழுந்தால் இரும்பு ஷீட் பள்ளம் விழும், உடைந்து கொட்டாது. உங்களுக்கு வேண்டியது அதுதான். பள்ளம் அசிங்கமாக இருக்கும், கீழே இருப்பவர் உயிரோடு இருப்பார். தடிமன் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கடையில் 0.35 மில்லிமீட்டர் காட்டுவார்கள், விலை குறைவாக இருக்கும். 0.50 கேளுங்கள். அதிலும் கடைக்காரர் சொல்லும் எண் மொத்தத் தடிமனா, உள்ளே இருக்கும் வெறும் இரும்பின் தடிமனா என்று கேட்க வேண்டும். முதலாவதை டி.சி.டி. என்றும், இரண்டாவதை பி.எம்.டி. என்றும் சொல்வார்கள். ஏ.இசட். 150 பூச்சில், பெயின்டைச் சேர்க்காமல், மொத்தம் 0.47 என்றால் இரும்பு 0.42 தான். பெயரில்லாத ஷீட்டில் 0.45 என்று சொல்லிவிட்டு உள்ளே அதற்கும் கீழே இருக்கும். ஷீட்டின் அடிப்பக்கத்தைப் பாருங்கள், நல்ல கம்பெனி என்றால் பெயர், தடிமன், பூச்சு எல்லாம் வரிசையாக அச்சடித்திருக்கும். ஒரு மைக்ரோமீட்டர் இருக்கும் ஆளைக் கூட்டிக்கொண்டு போனால் ஐந்து நிமிட வேலை.

ஏ.இசட். 150 என்பது ஒரு சதுர மீட்டர் ஷீட்டில் இரண்டு பக்கமும் சேர்த்து 150 கிராம் பூச்சு என்று அர்த்தம். அதற்குக் கீழே உள்ளது நம் உப்புக் காற்றுக்குப் பற்றாது. யு.பி.வி.சி.யில் மேல் அடுக்கு ஏ.எஸ்.ஏ. பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும், அதுதான் வெயிலைத் தாங்கும். துருப்பிடிக்காது, மழைச் சத்தம் குறைவு. காய் அடியைப் புதிதில் நன்றாகத் தாங்கும், விலை குறைந்த ரகம் சில கோடையிலேயே விறைத்துப்போகும். பாலிகார்பனேட் என்ற ஒளி புகும் பிளாஸ்டிக் அடியை நன்றாகத் தாங்கும், ஆனால் படுக்கை அறைக்கு வேண்டாம், அனல்காடாகிவிடும். வெளிச்சத்துக்கு நடுவில் ஒரு ஷீட் போடுவதானால் போடலாம். உறையில் யு.வி. என்று எழுதிய பக்கம் மேலே இருக்க வேண்டும். தலைகீழாகப் போட்டு இரண்டே வருடத்தில் மஞ்சளாகி வெடித்த ஷீட்டுகளை நிறையக் கழற்றியிருக்கிறேன். நிறம் எதுவானாலும் வெள்ளை, இளம்சாம்பல் என்று வெளிர் நிறமாக எடுங்கள். அடர் நீலம் பார்க்க நன்றாக இருக்கும், வெயிலை அப்படியே குடிக்கும்.

இதுவரை சொன்னது ஷீட். ஷீட்டை விட எனக்குப் பெரிய கவலை காற்று. வடசென்னையில் கூரையைக் கொண்டுபோவது பெரும்பாலும் கீழே விழும் பொருள் இல்லை, மேலே தூக்கும் புயல். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னைக்கு அருகே கரையேறியபோது மணிக்கு 110, 120 கிலோமீட்டர் வேகம். அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 68 கிலோ அழுத்தம். உங்கள் 10க்கு 20 அடிக் கூரை பதினெட்டரைச் சதுர மீட்டர். மொத்தம் 1,250 கிலோ அதை மேலே இழுக்கிறது. கூரை ஷீட்டின் எடையோ 80 கிலோதான். இரண்டு மாருதி 800 கார்களைக் கயிறு கட்டித் தூக்குகிற விசை, 80 கிலோத் தகட்டின் மேல். பக்கச் சுவர் இல்லாத திறந்த ஷெட் என்றால் கீழிருந்தும் காற்று முட்டும், இன்னும் கூடும். இந்தியத் தரநிலை 875இன் மூன்றாம் பகுதி சென்னைக்குக் கணக்கிடச் சொல்லும் அடிப்படை வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அப்போது 2,800 கிலோ.

வர்தாவுக்கு மறுநாள் காலை நான் பார்த்த ஒன்றை இன்னும் மறக்க முடியவில்லை. ராயபுரத்தில் நாங்கள் போட்ட ஷெட் இல்லை, ஆனால் எங்களைப் போன்றவர்கள் போட்டதுதான். ஷீட் ஒன்றுகூடக் கழன்றிருக்கவில்லை. ஸ்க்ரூ எல்லாம் அப்படியே இருந்தது. குழாய்த் தூணின் அடித்தகட்டை நாலரை அங்குலக் கைப்பிடிச் சுவரில் இரண்டு இரண்டு போல்ட் போட்டு முடுக்கியிருந்தார்கள். கூரை, தூண், சுவர் எல்லாம் சேர்ந்து ஒரே துண்டாகப் பெயர்ந்து பக்கத்துத் தெருவில் கிடந்தது. போல்ட்டைச் சுற்றிச் செங்கல் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து தூணை எங்கே ஊன்றுவது என்று முடிவு செய்த பிறகுதான் ஷீட்டைப் பற்றிப் பேச்சையே எடுக்கிறேன்.

ஆகவே ஆள் வந்ததும் முதலில் இதைக் கேளுங்கள்: "தூணை எதில் ஊன்றுவீங்க?" மொட்டை மாடியில் நாம் மிதிப்பது தட்டோடு, அதன் கீழே சுண்ணாம்பு-செங்கல் சுருக்கி. அதில் போல்ட் போட்டால் மண்ணில் ஆணி அடித்த மாதிரி. தட்டோட்டை வெட்டி எடுத்து, சுருக்கியையும் தாண்டி, கான்கிரீட்டிலேயே, முடிந்தவரை கீழே பீம் ஓடும் இடத்தில், தகட்டுக்கு நான்கு ஆங்கர் போல்ட். பிறகு அந்த இடத்தில் நீர்க்கசிவுப் பூச்சு. செலவு கூடும், கூடட்டும். குழாய்த் தூண் மேலே திறந்திருக்கக் கூடாது, மூடித் தகடு வைத்து வெல்டு செய்ய வேண்டும். திறந்த குழாயில் மழைநீர் இறங்கி உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும், அடியில் விரலால் குத்தினால் உள்ளே போகும்.

அடுத்தது ஸ்க்ரூ. 1974 கிறிஸ்துமஸ் அன்று ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரைத் 'ட்ரேசி' என்ற புயல் அழித்தது. அங்கே தகரக் கூரைகள் போனதற்குக் காரணம் தேடியபோது, ஆணி பிடுங்கிக்கொண்டு வருவது மட்டுமல்ல, ஆணித் தலையைச் சுற்றியுள்ள தகரமே கிழிகிறது என்று தெரிந்தது. காற்று விட்டு விட்டு அடிக்கும்போது ஷீட் படபடவென்று மேலும் கீழும் அடித்து, கம்பியை மடக்கி மடக்கி ஒடிப்பது போல அந்த இடம் களைத்து வெடித்துவிடுகிறது. அதன்பின் அங்கே புயல் பகுதிகளில் ஸ்க்ரூவின் கீழே அகலமான வாஷர் வைக்கும் வழக்கம் வந்தது. நம் ஆட்கள் நேரம் மிச்சம் பிடிக்க, ஷீட்டின் நெளிவில் ஒரு மேடு விட்டு ஒரு மேட்டில் ஸ்க்ரூ போடுவார்கள். நடுவில் போனால் போகட்டும். ஓரம், மூலை, உச்சி இந்த மூன்றிலும் ஒவ்வொரு மேட்டிலும் ஸ்க்ரூ இருக்க வேண்டும், அகல வாஷரோடு. காற்றின் உறிஞ்சல் அங்கேதான் மிக அதிகம். பர்லின் இடைவெளியும் நடுவில் நான்கடி என்றால் ஓரத்தில் மூன்றடி. ஷீட் சுவரைத் தாண்டி நீளும் தாழ்வாரம் ஓர் அடிக்கு மேல் வேண்டாம், காற்றுக்குக் கைப்பிடி கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

ஒரு திசையை மட்டும் நம்பிக் கட்டவும் கூடாது. புயலின் கண் நம்மைக் கடக்கும்போது முதலில் வடக்கிலிருந்து அடிக்கும், கொஞ்சம் ஓயும், பிறகு தெற்கிலிருந்து திருப்பி அடிக்கும். ஓய்ந்துவிட்டது என்று மாடி ஏறிப் பார்க்கப் போகாதீர்கள்.

கூரை மேல் செங்கல், அம்மிக்கல், பழைய டயர் வைப்பதை எண்ணூரிலிருந்து வியாசர்பாடி வரை பார்க்கலாம். டயராவது பரவாயில்லை. செங்கல் வேண்டவே வேண்டாம். 1,250 கிலோ இழுக்கும் இடத்தில் நாலு செங்கல் எதையும் பிடிக்காது, காற்றில் பறந்து பக்கத்து வீட்டுக் குழந்தை மேல் விழும்.

இனி உப்பு. நம் பக்கத்துக் கூரை வேலையில் மூன்று தப்பு திரும்பத் திரும்ப நடக்கிறது. கலர் ஷீட்டைக் கட்டிங் வீல் வைத்து அறுக்கிறார்கள். பறக்கும் தீப்பொறி ஷீட் மேல் ஒட்டி, ஒரே வாரத்தில் சிவப்புப் புள்ளிப் புள்ளியாகத் துருவாகும். தகரக் கத்தரியோ, நிப்ளர் என்ற தகடு வெட்டும் கருவியோ வைத்து வெட்டச் சொல்லுங்கள், துளை போட்ட பொடியை அன்று மாலையே பெருக்கச் சொல்லுங்கள். அடுத்தது, ஷீட் சுவரைத் தொடும் இடத்தில் சிமெண்ட் கலவை அப்புவது. ஈரச் சிமெண்ட் அலுமினியம் கலந்த பூச்சை அரித்துவிடும், இரண்டு மழைக்குள் அந்தக் கோட்டிலேயே ஓட்டை விழும். ஃபிளாஷிங், அதாவது இடுக்கை மூடும் தகடு, மடித்து வைத்து, சிலிக்கான் சீலன்ட் போடுவதுதான் முறை. மூன்றாவது, நல்லது செய்வதாக நினைத்து கால்வல்யூம் ஷீட்டுக்கு எவர்சில்வர் ஸ்க்ரூ வாங்குவது. உப்பு ஈரத்தில் இரண்டு உலோகம் சேர்ந்தால் ஒன்று மற்றதைத் தின்னும். கால்வல்யூமுக்குக் கடல்புறத்துக்கான பூச்சுள்ள ஸ்க்ரூ, ரப்பர் வாஷரோடு. அலுமினிய ஷீட்டுக்குத்தான் எவர்சில்வர், அங்கேயும் அலுமினியம் இரும்புக் குழாயை நேராகத் தொடாதபடி நடுவில் டேப் ஒட்ட வேண்டும். ஏ.சி.யின் செம்புக் குழாயிலிருந்து சொட்டும் தண்ணீர் கூரை மேல் விழவும் விடாதீர்கள்.

சரிவு, பத்தடிக்கு ஒன்றரை அடியாவது. அதற்குக் குறைந்தால் ஜாயின்ட் வழியாகத் தண்ணீர் ஏறும், 2023 மிச்சாங் புயலில் நாள் முழுக்கக் காற்றோடு அடித்த மழையில் எல்லாருக்கும் புரிந்திருக்கும். பக்கவாட்டில் ஒன்றரை மேடு ஏறிப் படிய வேண்டும், நீளவாக்கில் ஜாயின்டே வராமல் பத்தடிக்கு முழு ஷீட்டாக வாங்கிவிடுங்கள்.

போட்ட பிறகு வருடத்துக்கு ஒரு முறை, பொங்கலுக்கு வீடு கழுவும்போது, கூரையையும் ஹோஸ் வைத்துக் கழுவுங்கள். மேல்பக்கத்தை மழையே கழுவிவிடும். தாழ்வாரத்தின் அடிப்பக்கம்தான் மழை படாமல் உப்பும் மணலி, எண்ணூர்ப் புகைத்தூசியும் அப்படியே படிந்து கிடக்கும். துரு அங்கேதான் ஆரம்பிக்கும். ஐப்பசி பிறக்கும் முன் ஓர ஸ்க்ரூக்களில் ரப்பர் வாஷர் வெடித்திருக்கிறதா என்று பார்த்து மாற்றுங்கள்.

தென்னை பக்கத்து வீட்டுக்காரருடையது என்பதால் வெட்டச் சொல்ல வேண்டாம், மனக்கசப்பு வரும். புரட்டாசிக் கடைசியில் மரமேறுபவரைக் கூப்பிட்டு, முற்றின காயையும் காய்ந்த மட்டையையும் இறக்கிவிடக் கேளுங்கள். கூலியை நீங்களே கொடுத்துவிடுங்கள், அவர் மறுக்கமாட்டார். ஒன்றரைக் கிலோ காய் மரத்திலேயே இல்லையென்றால் எந்த வகுப்பு ஷீட்டும் தேவையில்லை.

அறையின் சரியான நீள அகலம், கீழே பீம் எந்தப் பக்கம் ஓடுகிறது, வீட்டிலிருந்து கடல் எவ்வளவு தூரம், இந்த மூன்றையும் எழுதினால் தூண் எத்தனை, பர்லின் எத்தனை, ஸ்க்ரூ எத்தனை என்று நானே கணக்குப் போட்டுத் தருகிறேன். அந்தத் தாளை வேலைக்கு வருகிறவரிடம் கொடுத்து, அதன்படி செய்யச் சொல்லுங்கள்.